சீரில் போன தலையணை உறைகள்

2006இல் கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில் ஒரு அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நாற்பதைத் தாண்டியவர். கழுத்தில் தாலி இல்லை. என் மடியிலிருந்த, நூலால் பூப்போட்ட தலையணை உறையைக் கேட்டு வாங்கி, முதலில் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். நூல் முடிச்சுகள் அங்கேதான் தெரியும்.

"யாரு போட்டது?"

"எங்க அண்ணி. சீர்ல கொண்டாந்தது."

லேசாகச் சிரித்தார். கடலூர் செம்மண்டலத்தில் அவர் தெருவில், பெண் பார்க்க வருகிறவர்களுக்குப் பெண்ணின் கைவேலையைக் காட்டுவார்களாம். பாதிப் பெண்களுக்குப் போட்டுக் கொடுத்தது இவர்தான். பெண்ணே போட்டதாகச் சொல்லிவிடுவார்கள்.

இவரைப் பெண் பார்க்க வந்தபோது, தான் கிளி போட்ட உறையைக் காட்டியிருக்கிறார். மாப்பிள்ளையின் அம்மா அதைப் பார்த்துவிட்டு, "எங்க மூத்த மருமவ போட்ட அதே கிளி. யாரோ போட்டத காட்டி ஏமாத்துறீங்களா?" என்று கேட்டுவிட்டார். அந்த மருமகள் இவர் தெருப்பெண். அவளுக்கும் இவர்தான் போட்டுக் கொடுத்திருந்தார். அன்றைக்கு அவளும் கூட வந்திருந்தாள். தலையைக் குனிந்துகொண்டாளாம்.

"நீங்க சொல்லியிருக்கலாமேக்கா."

"சொன்னா அவள வச்சிருப்பாங்களாம்மா? கைப்புள்ளக்காரி வேற. பொய்க்காரின்னு பேரு எனக்கு வந்துச்சு. அப்புறம் யாரும் பாக்க வரல."

"அவ வந்து உங்ககிட்ட பேசலியா?"

"வந்தா. நாத்தனாருக்குக் கல்யாணம், ரெண்டு உறை போட்டுத் தாங்கன்னு கேட்டா."

"குடுத்தீங்களா?"

"குடுத்தேன். எனக்கு வேற என்ன தெரியும்?"

உறையை மடித்து என் மடியில் வைத்தார். அவர் குரலில் கோபமே இல்லை. அதனால்தான் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.