குரங்குக் குலத்துக்காரி

அம்மா செவ்வாய்க்கிழமை காலை இறந்தாள். மூளையில் இரத்தக் கசிவு. வலி தெரிந்திருக்காது என்று மருத்துவர் சொன்னார். அதை எப்படி அளந்தார் என்று நான் கேட்கவில்லை.

எங்கள் ஊர்களில் சாவை வானொலியில் சொல்லியாக வேண்டும். கம்பாலா நிலையத்துக்காரர் தொலைபேசியில் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். பெயர், டாக்டர் எசேஸா கிஸ்ஸா. வேலை, வைரஸ் ஆராய்ச்சி. குலம், குரங்கு.

"அடக்கம் எங்கம்மா?"

"அப்புறம் சொல்றேன்."

"இடம் இல்லாம வாசிக்க முடியாதும்மா. சனங்க எங்கன்னு போவாங்க?"

"மத்தியானத்துக்குள்ள சொல்றேன்."

இடம் எதுவென்று அம்மா பலமுறை சொல்லியிருக்கிறாள். மித்யானா பக்கத்தில், அவளுடைய அப்பாவுக்கு அருகில். பெண்கள் பிறந்த வீட்டு மண்ணில்தான் படுப்பார்கள். ஆனால் அந்த மண் இப்போது யொனசானி மாமாவின் பொறுப்பில் இருக்கிறது. அம்மாவின் பெரியப்பா மகன், அந்தக் குடும்பத்துக்கு மூத்தவர். அவர் முடியாது என்று சொல்லிவிட்டதாகக் காலையிலேயே தகவல் வந்திருந்தது. சொன்னவர் அம்மாவின் தம்பி காம்யா மாமா.

"வண்டியெடுத்துட்டு வா மிரியா. போன்ல பேசற விஷயம் இல்ல."

நான் குளிர்பதனப் பொறியாளர். அம்மாவின் ஆய்வகக் குளிர்பெட்டிகள் மின்வெட்டில் செத்துச் செத்துப் பிழைப்பதைப் பார்த்து வளர்ந்தவள். வேறு எதையும் படிக்கத் தோன்றவில்லை. வழியெல்லாம் அவளைப் பற்றியே யோசித்துக்கொண்டு போனேன்.

ஏரிக்கரை ஆய்வகத்தில் அவளுக்கு முதலில் கொடுத்த வேலை கோழி முட்டை. வைரஸை முட்டைக்குள் செலுத்தி வளர்ப்பார்கள். அந்தக் காலத்தில் எங்கள் பெண்கள் முட்டை தின்னக் கூடாது. தட்டுத் தட்டாக முட்டை அவள் அறைக்குப் போவதைப் பார்த்துவிட்டு அப்பாவின் அம்மா அப்பாவைப் பிடித்துக்கொண்டாராம்.

"அத்தனையும் யாருடா தின்னுறா? உன் பொண்டாட்டியா?"

"யாரும் தின்னலம்மா. அதுக்கு ஊசி போடறா."

"ஏன், முட்டைக்குக் காய்ச்சலா?"

"இல்ல. இனிமேதான் வரும்."

பிறகு குரங்குகள். காட்டுக் காய்ச்சல்களை ஆராயக் குரங்கின் இரத்தம் வேண்டும். அதற்காகக் குரங்கைச் சுடுவார்கள். அம்மா மறுத்தாள். எங்களில் ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு விலங்கு உண்டு. குலத்தின் விலங்கை நாங்கள் தின்பதில்லை, அடிப்பதில்லை, அது உறவு. இயக்குநர் வெளிநாட்டுக்காரர்.

"நீ விஞ்ஞானிதானே?" என்றாராம்.

"ஆமா. சொந்தக்காரியும்தான்."

"ஒரு மழைக்காலம் டைம் தரேன். வேற வழி கண்டுபிடி. இல்லன்னா முட்டைக்கே திரும்பிப் போ."

அவள் கண்டுபிடித்தது கயிறு. பருத்திக் கயிற்றை வாழைப்பழச் சாற்றில் ஊறவைத்துத் தாழ்ந்த கிளையில் கட்டுவாள். குரங்கு மென்று துப்பிவிட்டுப் போகும். கயிற்றைப் பிழிந்தால் எச்சில், எச்சிலில் காய்ச்சலை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருள். சொல்ல எளிது. முதல் முறை, காலையில் நேரமாகிவிடும் என்று முந்தின மாலையே ஊறவைத்துவிட்டாள். வாழைச்சாறு விடிந்தால் சாராயம் என்று எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும். குரங்குகள் கயிற்றைத் துப்பவில்லை. கட்டிப்பிடித்துக்கொண்டு கிளையிலேயே தூங்கின. ஓட்டுநர் வாஸ்வா அண்ணாந்து பார்த்தபடி நின்றாராம்.

"மேடம், உங்க சொந்தக்காரங்களுக்குத் தண்ணி ஒத்துக்கல."

அதற்குப் பிறகு சாற்றை அன்றன்று காலையில்தான் பிழிந்தாள். அந்த முறையைப் பின்னால் அண்டை நாடுகளிலும் எடுத்துக்கொண்டார்கள். இயக்குநர் ஊருக்குத் திரும்பியபோது காய்ச்சல் ஆராய்ச்சிப் பிரிவை அவளிடம் விட்டுப் போனார். ஒரு பெண் அந்த நாற்காலியில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

உள்நாட்டுப் போர் முடிந்த ஆண்டு மீனவர் கிராமம் ஒன்றில் குழந்தைகள் காய்ச்சலில் செத்தார்கள். அங்கேதான் கயிறு தோற்றது. எச்சிலில் உள்ள எதிர்ப்பொருள், நோய் எப்போதோ வந்து போனதைச் சொல்லும். இப்போது காட்டில் இருக்கிறதா என்பதை இரத்தம்தான் சொல்லும். கிராமத்துக்குப் பின்னால் ஒரு மரத்தடியில் கிழட்டுப் பெண் குரங்கு ஒன்று எழ முடியாமல் கிடந்தது. அம்மா ஊசியை வேறு யாரிடமும் கொடுக்கவில்லை. அவளே எடுத்தாள். மாலைக்குள் குரங்கு செத்தது. இரத்தத்தில் வைரஸ் இருந்தது. அதைக் காட்டித்தான் தடுப்பூசியை வரவழைத்தாள். காய்ச்சல் நின்றது.

"ஊசியால செத்துச்சா, காய்ச்சலாலயா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"தெரியாது. ஒப்பிட்டுப் பாக்க இன்னொண்ணு இல்ல. இருந்திருந்தாலும் தொட்டிருக்க மாட்டேன்."

ஓய்வு பெற்ற பிறகு வானொலியில் பேட்டி எடுத்தார்கள். வாழ்க்கையில் பெரிய கண்டுபிடிப்பு எது என்று கேட்டார்கள். அவள் அந்தக் குரங்கைப் பற்றிச் சொன்னாள். என் கையிலதான் உயிர் போச்சு, என்றாள். யொனசானி மாமா அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் போய்ச் சேர்ந்தபோது அவர் பலாமரத்தடியில் நாற்காலியில் இருந்தார். காம்யா மாமா பக்கத்தில் வறுத்த காப்பிக் கொட்டையை மென்றுகொண்டிருந்தார். நான் பெரியவர் முன் மண்டியிட்டு வணக்கம் சொன்னேன். எழவில்லை.

"எந்திரி. முட்டி தேயறதுதான் மிச்சம்."

"தேயட்டும் பெரிய மாமா. அம்மாவுக்கு இடம் குடுங்க."

"சொந்தத்தைக் கொன்னவளை சொந்தத்துக்கு நடுவுல எப்படிம்மா வைக்கறது? நானா ஒண்ணும் சொல்லல. அவளே ரேடியோவுல சொன்னா. நாடே கேட்டுச்சு."

"ஊர்க் குழந்தைங்க பொழைச்சுதே."

"பொழைச்சுது. நான் இல்லன்னு சொல்லல. ஆனா நாளைக்கு அவ அப்பன் என்னைப் பாத்து, யாரைடா எம் பக்கத்துல படுக்க வெச்சன்னு கேட்டா?"

அவர் குரல் கோபமாக இல்லை. அதனால்தான் எனக்குப் பயம் வந்தது. கோபத்தோடு வாதாட முடியும்.

காம்யா மாமா கொட்டையைத் துப்பிவிட்டு எழுந்தார். "அண்ணா, வா. ஒண்ணு காட்டணும்."

வாழைத்தோட்டத்துக்குப் பின்னால் கல்லறைகள். அம்மாவின் அப்பாவுக்குப் பக்கத்தில், ஓர் ஆள் படுக்கும் இடம் விட்டு ஒரு சின்ன மேடு, சுற்றிலும் கல்.

"இது யாரு?" என்றார் காம்யா மாமா.

"உன் கொழந்தை. பொறந்த அன்னைக்கே போச்சே."

"அது மாமனார் ஊருல இருக்கு. நீங்களா நெனச்சுக்கிட்டீங்க. நான் மறுக்கல." அவர் என்னைப் பார்த்துச் சொன்னார். "அந்தக் குரங்கும்மா. அக்கா தகர டப்பாவுல சாம்பலைக் கொண்டுவந்தா. செத்த நம்மாளுங்களைச் சுத்தற மாதிரி மரப்பட்டைத் துணியில சுத்தி, மடியில வெச்சுக்கிட்டு பஸ்ல. நான்தான் குழி வெட்டினேன். ஏன் எரிச்சன்னு கேட்டேன். ஆபீஸ் விதி எரிக்கணும், நம்ம விதி புதைக்கணும், ரெண்டையும் செஞ்சிடுறேன்னா."

காம்யா மாமா பெரியவர் பக்கம் திரும்பினார்.

"இப்ப நீயே சொல்லுண்ணா. இது நம்ம சொந்தம்னா, அக்கா சொந்தத்தைக் கொண்டாந்து வீட்டுல சேத்துட்டா. சொந்தம் இல்லன்னா, அவ யாரையும் கொல்லல. எது வேணும் உனக்கு?"

நான் அந்த வாதத்தில் ஓட்டை தேடினேன். பழக்கம். கிடைக்கவில்லை.

பெரியவர் மெல்லக் குனிந்து மேட்டில் கை வைத்தார். "களையே இல்லையே. யாரு எடுக்கறது?"

"அக்காதான். கிறிஸ்மஸுக்குக் கிறிஸ்மஸ்."

அவள் தன் அப்பாவின் கல்லறையைச் சுத்தம் செய்ய வருகிறாள் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

"இதை ஏன் ரேடியோவுல சொல்லல?" என்றார் பெரியவர்.

"என்ன கண்டுபிடிச்சன்னுதான் கேட்டாங்க. எங்க புதைச்சன்னு யாரும் கேக்கலையே."

பெரியவர் நிமிர நேரமானது. நான் கை கொடுத்தேன். பிடித்துக்கொண்டார், விடவில்லை. பிறகு பின்னாலேயே வந்திருந்த ஊர் ஆட்களைப் பார்த்துச் சொன்னார். "மண்வெட்டி எடுங்கப்பா. இந்தக் கிழவிக்கும் எசேஸா அப்பனுக்கும் நடுவுல. பாத்து வெட்டுங்க, கல்லு நகரக் கூடாது." என் பக்கம் திரும்பினார். "எங்கிட்ட ஒரு பட்டைத்துணி இருக்கு. எனக்குன்னு வெச்சது. அதைத்தான் அவளுக்கு மேல போடணும், சரியா?"

தலையாட்டினேன்.

நிலையத்துக்காரரை அழைத்து இடத்தைச் சொன்னேன். திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டார். மத்தியான அறிவிப்பை முற்றத்தில் எல்லாரும் நின்று கேட்டோம். அம்மாவின் பெயர் வந்தது. வேலை வந்தது. "குரங்குக் குலம்" என்று வந்தபோது யொனசானி மாமா கையை நீட்டி ஒலியைக் கூட்டினார்.