அன்று காலை அண்ணனின் வண்டி உண்மையாகவே கிளம்பவில்லை

அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்து இன்றோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்கு இரண்டு பக்கம் எழுதித் தரும்படி அண்ணன் மகன் கேட்டான். “சித்தப்பா, அப்பாவோட நல்ல குணம் ஒரு அஞ்சாறு எழுதிக் குடுங்க, போதும்” என்றான். எண்ணிப் பார்த்தேன். பதினான்கு வந்தது. அவற்றை மற்றவர்கள் எழுதியிருப்பார்கள். நான் எழுத வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அதைப் பதினாறு ஆண்டுகளாக யாரிடமும் சொல்லாமல் இருந்துவிட்டேன். எனக்கு எழுபத்திரண்டு வயதாகிறது. இனியும் தள்ளிப்போட முடியாது.

அண்ணன் பிறந்தது காரமடையில். அவருக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது, குந்தாவில் அணை வேலைக்கு அப்பா எங்களை மேலே அழைத்து வந்தார். அண்ணன், அக்கா, நான் என்று மூன்று பேர். தகரக் கொட்டகையில் நான்கு ஆண்டுகள் இருந்தோம். பிறகு அப்பா குன்னூர்ப் பக்கம் இரண்டு ஏக்கர் சரிவு வாங்கித் தேயிலை நட்டார். அண்ணன் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு லாரியில் கிளீனராகப் போனார். அவர் நிறுத்தியதால் நான் படித்தேன், கணக்கு வாத்தியார் ஆனேன். பிறகு அவர் இலை லாரி ஓட்டினார், இருபத்தேழு ஆண்டுகள். ஒரு விபத்து கிடையாது.

பச்சைத்தேயிலை விலை விழுந்தபோது எல்லாம் விழுந்தது. பறிக்கிற கூலிக்குக்கூட இலை போகவில்லை. செடிகளை அப்படியே விட்டார்கள். தேயிலை மரமாக வளரும் என்பதை இங்கே பலரும் அப்போதுதான் கண்ணால் பார்த்தார்கள். அண்ணன் இலை கொண்டுபோன தொழிற்சாலை மூடியது, லாரியும் நின்றது. ஒரு பழைய பெட்ரோல் காரை வாங்கி அண்ணன் வாடகைக்கு ஓட்டத் தொடங்கினார்.

அந்தக் கார் சில நாள் கிளம்பாது. பல நாள் கிளம்பும். கிளம்பாத நாளில் செல்ஃப் சுற்றும், எஞ்சின் பிடிக்காது. தள்ளினாலும் பிடிக்காது. ஒரு மணி நேரம் கழித்து, தள்ளிக்கொண்டுபோய் விட்ட இடத்தில் தானாகவே பிடிக்கும். இந்த ஊரில் எதற்கும் பனியைச் சொல்வது வழக்கம். ஈரம் இறங்குகிறது என்றார்கள். அண்ணன் பானெட்டின் மேல் கம்பளி போர்த்தி வைத்தார். பேட்டரி, பிளக், பாயின்ட், கண்டென்சர், காயில், பெட்ரோல் பம்ப் என்று ஆறு சாமான்கள் மாற்றினார். மேட்டுப்பாளையத்துக்கு நான்கு முறை மெக்கானிக்கிடம் கொண்டுபோனார். நான்கு முறையும் அங்கே ஒரே திருப்பில் கிளம்பியது.

“ஏனுங்க, வண்டிக்கு ஒரு கேடும் இல்லீங்க. கிளம்பாத வண்டியக் கொண்டாந்தீங்கன்னா பாக்கலாம். கிளம்பற வண்டியக் கொண்டாந்து கிளம்பலைன்னா நான் என்னங்க பண்றது?” என்று அவர் சிரித்தாராம்.

நான் அப்போது குன்னூரில் பள்ளிக் குடியிருப்பில் இருந்தேன். எத்தனைக்கு எத்தனை முறை தவறுகிறது என்று தெரிந்தால் காரணம் பிடிபடும் என்று, அண்ணன் என் வீட்டுக்கு வரும்போதெல்லாம் எண்ணினேன். ஐம்பத்திரண்டு முறை என் கண் முன்னால் சாவி திருப்பினார். ஐம்பத்திரண்டு முறையும் கிளம்பியது.

அந்த ஆண்டுதான் அக்காவின் கணவர், எங்கள் மச்சான், அப்பாவின் இரண்டு ஏக்கரையும் விற்றுவிடலாம் என்றார். கீழே இருந்து ஒருவர் லாட்ஜ் கட்டக் கேட்டிருந்தார். அண்ணன் கையெழுத்துப் போட மறுத்தார். அக்கா வீட்டு வாசலில் இருவருக்கும் வார்த்தை தடித்தது. அது நடந்து பதினோராம் நாள் விடியற்காலை மச்சானுக்கு நெஞ்சு வலித்தது.

அண்ணன் வீடும் அக்கா வீடும் ஒரே சந்தில். அண்ணன் வழக்கமாக வண்டியைச் சந்தின் வலப்பக்கம், மண்மேட்டை ஒட்டி நிறுத்துவார். முந்திய நாள் மழையில் சரிந்த சுவரின் கற்கள் அங்கே குவிந்து கிடந்ததால், இடப்பக்கம் சாக்கடை ஓரமாக நிறுத்தியிருந்தார். மச்சானை நாற்காலியில் வைத்துத் தூக்கிவந்து பின்சீட்டில் ஏற்றினார்கள். வண்டி கிளம்பவில்லை. நான்கு பேர் தள்ளினார்கள். சாக்கடை ஓரமாகவே வண்டி நகர்ந்தது, பிடிக்கவில்லை. இருபது நிமிடம் அப்படியே போயிற்று. பிறகு மச்சானை இறக்கி, தூக்கிக்கொண்டு சாலைக்கு ஓடி, வந்த லாரி ஒன்றில் ஏற்றினார்கள். அக்கா கூடவே போனார். ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன் மச்சானின் உயிர் பிரிந்துவிட்டது.

அண்ணன் தனியாக வண்டியை உருட்டிச் சாலைக்குக் கொண்டுவந்தார். அங்கே ஒரு முறை சாவியைத் திருப்பினார், கிளம்பிவிட்டது. என்ன செய்வது என்று தெரியாமல் அதையே ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். வாசலில் உட்கார்ந்திருந்த அக்கா அவர் காரிலிருந்து இறங்குவதைப் பார்த்தார்.

“இப்ப ஓடுதாண்ணா வண்டி?” என்று மட்டும் கேட்டார்.

பதினோராம் நாள் காரியத்தில், பந்தியில், அக்காவின் கொழுந்தனார் பேச்சை எடுத்தார். தள்ளிய நால்வரில் அவரும் ஒருவர். “நாங்க தள்ளுனோம், இல்லீங்கல. உள்ள உக்காந்திருந்தவரு சாவியத் திருப்பி வெச்சிருந்தாரா இல்லையான்னு தள்ளறவனுக்கு எப்படிங்க தெரியும்?” என்றவர் என் பக்கம் திரும்பினார். “வாத்தியாரே, நீங்க படி ஏறுனாக்கூட எண்ணீட்டுத்தான ஏறுவீங்க. அந்த வண்டி நின்னத எத்தன தடவ பாத்துருக்கறீங்க?”

நான் உண்மையைச் சொன்னேன். “ஐம்பத்திரண்டு தடவை பார்த்தேன். ஐம்பத்திரண்டும் கிளம்பியது.”

அண்ணன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினார். அன்றிலிருந்து நம் சொந்தத்தில், வேண்டுமென்றே வண்டியை எடுக்காதவர் என்று அவருக்குப் பெயர். “வண்டி கிளம்பலைங்களா, உங்க மச்சான் சாகோணும்ல” என்று அவர் முகத்துக்கு நேராகக் கேலி செய்தவர்களும் இந்த மலரைப் பெறுவார்கள். அவர்கள் யார் என்பது அவர்களுக்கே தெரியும்.

அண்ணன் அந்த வண்டியை விற்கவில்லை. விற்றால் உண்மை அதனோடு போய்விடும் என்று நினைத்தார். ஆறு ஆண்டுகள் தேடினார். கடைசியில் பர்லியார் அருகே தெரியவந்தது. மேட்டுப்பாளையம் ரயிலுக்கு ஒருவரை அழைத்துச் செல்லும்போது, பஸ்ஸுக்கு வழிவிட்டு ஓரம் ஒதுங்கினார். இடப்பக்கச் சக்கரங்கள் சாலையோரக் காவாயில் இறங்கின. எஞ்சின் நின்றது, கிளம்பவில்லை. பின்னால் வந்த லாரிக்காரர்கள் தூக்கி மேலே விட்டார்கள். உடனே கிளம்பியது. அண்ணன் சற்று நேரம் யோசித்துவிட்டு, வண்டியைப் பின்னால் எடுத்துத் திரும்பவும் அதே காவாயில் இறக்கினார். நின்றது.

“ஏனுங்க டிரைவரு, எனக்கு ரயிலு இருக்குதுங்க. நீங்க காவாயில வெளையாடிட்டு இருக்கறீங்க” என்று வந்தவர் கத்தினாராம்.

“உங்களுக்கு இந்த ரயிலு போனா அடுத்த ரயிலுங்க. நான் ஆறு வருசமா இதுக்குத்தானுங்க காத்துட்டு இருக்கறன்” என்றாராம் அண்ணன்.

மறுநாள் என்னை அழைத்துச் சந்தில் காட்டினார். எஞ்சினைத் தாங்கும் ரப்பர் ஒரு பக்கம் நைந்திருந்தது. வண்டி இடப்பக்கம் சாய்ந்தால் எஞ்சினும் சாயும். அப்போது சாவியிலிருந்து, எஞ்சினுக்குப் பொறி தரும் காயிலுக்கு வரும் மெல்லிய ஒயர் இழுபடும். அந்த ஒயர் உறைக்குள்ளேயே அறுந்திருந்தது. மட்டமான தரையில் அறுந்த முனைகள் தொட்டுக்கொண்டிருக்கும், இழுபட்டால் விலகும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. சிறு பல்பு ஒன்றை வைத்துக் காட்டினார். வண்டி சாய்ந்திருக்கும்போது அது எரியவில்லை. ஒயரை இரண்டு விரலால் நெருக்கிப் பிடித்தார், எரிந்தது.

அண்ணன் சொன்னார்: “நீ எண்ணுனது தப்பில்ல தம்பி. ஆனா அத்தனையும் உன்ற ஊட்டு முன்னால எண்ணுனது. அங்க பள்ளிக்கூடத்துக்காரங்க தரைய மட்டம் பண்ணி வெச்சிருக்கறாங்க. ஒருக்காலாவது என்ற ஊட்டுச் சந்துல வந்து எண்ணியிருக்கலாம்.”

முப்பத்தோர் ஆண்டுகள் கணக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். எங்கே நின்று எண்ணுகிறோம் என்பதைப் பார்க்காமல் எண்ணியிருக்கிறேன்.

அந்த ஒயரைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு அக்காவிடம் போகலாம், நீயும் வா என்று கூப்பிட்டார். அறுபத்து நான்கு விடைத்தாள் திருத்த வேண்டும் என்று சொல்லிவிட்டேன். விடைத்தாள் இருந்தது உண்மை. போகாததற்குக் காரணம் அதுவல்ல. எல்லார் முன்னாலும் நான் சொன்ன எண் தவறான சாட்சி என்று நானே சொல்ல வேண்டியிருக்கும். அண்ணன் தனியாகப் போனார். அக்கா அவரை உட்காரச் சொல்லவில்லை. “அவரு போயி ஆறு வருசமாச்சு. இப்ப ஒயரக் கொண்டாந்து காட்டறியா? கடையில எவன் வேணா அந்து போன ஒயரக் குடுப்பான்” என்றாராம். அதற்குப் பிறகு அண்ணன் அதைப் பற்றி எங்கும் பேசவில்லை.

அடுத்த ஆண்டு அக்கா மகளுக்குக் கல்யாணம். பத்திரிகையில் தாய்மாமன் என்று என் பெயர் மட்டும் இருந்தது. அச்சுக்குப் போகும் முன் பிழை திருத்திக் கொடுத்தது நான்தான். ஒற்றுப்பிழை மூன்று கண்டுபிடித்தேன். அண்ணன் பெயர் இல்லாததையும் பார்த்தேன், விட்டுவிட்டேன். மணவறையில் மூத்த தாய்மாமன் உட்கார வேண்டிய இடத்தில் நான் உட்கார்ந்தேன், அவருக்கு உரிய மாலையை நான் போட்டுக்கொண்டேன். இரண்டு ஆண்டு கழித்து அக்கா மகன் கல்யாணத்திலும் அப்படியே. அக்காவின் பிள்ளைகள் இருவருக்கும் சொல்கிறேன்: அந்த இடம் உங்கள் பெரிய மாமாவுடையது. நான் அதைப் பிடுங்கவில்லை, கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டேன். அது பிடுங்கியதைவிடக் கேவலம்.

கடைசி எட்டு மாதம் அண்ணனுக்கு மூச்சிழுப்பு. மலையைவிட்டுக் கீழே போகலாம் என்று டாக்டர் சொன்னார், அவர் போகவில்லை. “கீழ போனா எல்லாம் நல்லா ஓடும். வண்டியும் அப்படித்தான ஓடுச்சு” என்று என்னிடம் சொன்னார். சிரிக்கவில்லை. எழுபத்தேழாவது வயதில், அண்ணி பக்கத்தில் இருக்க, வீட்டிலேயே அடங்கினார். அக்கா வந்தார். பதினோரு நிமிடம் நின்றார், போய்விட்டார்.

எட்டு மாதமும் கண் துஞ்சாமல் பார்த்துக்கொண்ட அண்ணிக்கும், மகனுக்கும் மருமகளுக்கும், வாரம் இரண்டு முறை ஊசி போட வந்த நர்சம்மாவுக்கும், பந்தலும் பாத்திரமும் தந்த அக்கம்பக்கத்தாருக்கும், அண்ணனைத் தோளில் சுமந்த ஆறு பேருக்கும் குடும்பத்தின் சார்பில் நன்றி. அன்று காலை லாரியை நிறுத்திய முகம் தெரியாத ஓட்டுநருக்கும், பர்லியாரில் காரைத் தூக்கிவிட்டவர்களுக்கும் நன்றி. தள்ளிய நால்வருக்கும் நன்றி சொல்கிறேன். தள்ளியதற்கு மட்டும்.

வண்டி இன்னும் இருக்கிறது. அண்ணன் மகன் வாரம் ஒருமுறை ஓட்டுகிறான். நைந்த ரப்பரை அண்ணன் மாற்றவே இல்லை. பழைய ஒயரை அண்ணி பத்திரமாக வைத்திருந்து எடுத்துக் கொடுத்தார். அதை மெக்கானிக் ஒருவரைக் கொண்டு திரும்பவும் மாட்டியிருக்கிறேன். இந்த வாரம் பதினெட்டு முறை பார்த்தேன். மட்டத்தில் ஒன்பது முறை, ஒன்பதும் கிளம்பியது. சந்தில் சாக்கடை ஓரம் ஒன்பது முறை, ஒன்றுகூடக் கிளம்பவில்லை.

இன்று பந்தி முடிந்ததும் வண்டி அதே சந்தில், அன்று நின்ற அதே இடத்தில் நிற்கும். நான் சாவியைத் தொடமாட்டேன். அக்காவிடம் கொடுப்பேன். அவரே உள்ளே உட்கார்ந்து எத்தனை முறை வேண்டுமானாலும் திருப்பிப் பார்க்கட்டும். மற்றவர்கள் சுற்றி நின்று பார்க்கலாம். வந்து பார்க்காதவர்கள் இனி அந்தக் காலையைப் பற்றி எங்கும் வாய் திறக்க வேண்டாம்.

அக்காவுக்கு முழங்கால் வலி இருப்பது தெரியும். பந்தலிலிருந்து வண்டிக்கு நாற்பத்து மூன்று எட்டு வைத்தால் போதும்.