புனலுக்குள் நின்ற பந்து

அறுபதுகளின் தொடக்கத்தில் உருத்திரபுரத்துக்கு அருகே குடியேற்றத்திட்டப் பாடசாலை ஒன்றுக்கு விஞ்ஞானம் படிப்பிக்க அனுப்பப்பட்டேன். பயிற்சி முடித்து யாழ்ப்பாணத்திலிருந்து போன புதிது. பாடநூல் எடுத்த எடுப்பிலேயே ‘குழாயைத் திறக்க’ என்றது. அங்கே இருந்தது ஒரு கிணறும் ஓட்டை வாளியும். நீரும் வளியும் பாய்ந்தோடுவதால் பாயிகள் என்று கரும்பலகையில் எழுதினேன். பின்வரிசையில் ஒருவன், “பாயெண்டால் படுக்கலாமோ ரீச்சர்?” என்று கேட்டான். அதற்குப் பிறகு அன்றைய பாடம் நடக்கவில்லை.

தண்ணீரால் ஆகாததைக் காற்றால் செய்துகாட்டுவோம் என்று விடுமுறையில் ஒரு பிங்பொங் பந்து வாங்கி வந்தேன். கடைக்காரரிடம் மண்ணெண்ணெய்ப் புனலை இரவல் வாங்கி, சாம்பல் போட்டுக் கழுவினேன். மணம் போகவேயில்லை. புனலைக் கவிழ்த்துப் பிடித்து, பந்தை விரலால் உள்ளே தாங்கிக்கொண்டு, காம்பில் வாய் வைத்துப் பலமாக ஊதியபடி விரலை எடுத்தேன். பந்து விழவில்லை. ஊதுவதை நிறுத்தியதும் விழுந்தது.

பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து ஊதினார்கள். கன்னம் வீங்க, கண் சிவக்க ஊதியும் எவராலும் பந்தை வெளியே தள்ள முடியவில்லை. காற்று வேகமாகப் போகும் இடுக்கில் அமுக்கம் குறைகிறது, கீழே இருக்கும் காற்று பந்தை மேலே தள்ளுகிறது என்று ஒரு கிழமை முழுக்க விளங்கப்படுத்தினேன். அதன் பலனாக ‘அமுக்கம்’ என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள். ஏன் பிந்தி வந்தாய் என்றாலும் அமுக்கம், வீட்டுவேலை எங்கே என்றாலும் அமுக்கம்.

அது போதாதென்று ஒரு பின்னேரம், என் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் தகப்பன் வெற்றிலை பாக்கோடு வந்து வாசலில் நின்றார்.

“என்ரை எருமை ஒண்டைக் காணேல்லை ரீச்சர். ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ.”

“நான் மை பாக்கிறனான் இல்லை ஐயா. விஞ்ஞானம் படிப்பிக்கிறன்.”

“ஓம் ஓம், பிள்ளை சொன்னவள். ஊத ஊதப் பந்து விழாமல் நிக்குதாம். சும்மா ஆக்களாலை அது ஏலுமோ?”

அவரை இருத்தி வைத்து முழுப் பாடத்தையும் சொன்னேன். வகுப்பில் ஒருவரும் கேட்காத பொறுமையோடு கேட்டார். முடிந்ததும், “அது சரி ரீச்சர், எருமை எந்தப் பக்கம்?” என்றார்.

எனக்குத் தலை வெடித்தது. “எருமை வேறை எங்கை போகும்? குளத்துப் பக்கம் போய்ப் பாருங்கோ,” என்றேன்.

எருமை குளத்துக்குள்தான் படுத்திருந்தது.

அதோடு என் நிம்மதி போயிற்று. முரசுமோட்டையிலிருந்துகூட ஆள் வந்தது, தொலைந்த தோட்டைக் கேட்டு. தலைமை ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு, “பள்ளிக்கூடத்திலை சாத்திரம் சொல்லுறீங்களாம்,” என்றார். புனலை அவர் கையில் கொடுத்தேன். ஊதினார். பந்து நின்றது. சால்வையைக் கழற்றி வைத்துவிட்டு மறுபடி ஊதினார். கடைசியில் தலைசுற்றிக் கதிரையில் சாய்ந்து, “புனலிலை எண்ணெய்ப் பிசின் இருக்கு. அதுதான் ஒட்டுது,” என்று தீர்ப்புச் சொன்னார்.

எருமைக்காரரைத் தேடி நானே அவர் வீட்டு வளவுக்குப் போனேன். “நீங்களே ஊதிப் பாருங்கோ. இதிலை ஒரு சக்தியும் இல்லையெண்டு தெரியும்,” என்று புனலை நீட்டினேன். ஊதினார். பந்து அசையாமல் நின்றது. புனலை இறக்கியவரின் முகம் மாறியிருந்தது.

“அப்ப எனக்கும் அது இருக்கோ ரீச்சர்?”

புனலை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அந்த மாதத்திலேயே அவர் கடையில் சொந்தமாக ஒரு புனல் வாங்கினார். மாட்டைத் தொலைத்தவர்கள் எல்லாம் அவரிடம் போகத் தொடங்கினார்கள். எனக்கு ஆறுதல்தான். ஆனாலும், படிப்பித்த பாடத்துக்கு ஊரில் கிடைத்த ஒரே மாணவர் இவர்தானா என்று வயிறெரிந்தது.

தவணை முடிய முன் ஒருநாள் அவருடைய மகள் மேசையடியில் வந்து நின்றாள்.

“ரீச்சர், வேகமாப் போனால் அமுக்கம் ஏன் குறையுது?”

எத்தனை நாளாக இந்தக் கேள்விக்குக் காத்திருந்தேன். வாயைத் திறந்தபோதுதான், பாடநூலில் ‘குறையும்’ என்பதற்கு மேல் ஒரு வரியும் இல்லை என்பது உறைத்தது. பிறகு சொல்லுறன் என்று அவளை அனுப்பிவிட்டு, விடுமுறையில் பயிற்சிக் கலாசாலைக்குப் போய் என் பழைய விரிவுரையாளரிடம் கேட்டேன்.

“அது விதி, பிள்ளை,” என்றார். பிறகு தேத்தண்ணி குடிக்கச் சொன்னார்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஆனையிறவு தாண்டியும் எரிச்சல் அடங்கவில்லை. அடுத்த நாள் பள்ளிக்கூடம் தொடங்கியதும் அவளைக் கூப்பிட்டு, “எனக்குத் தெரியேல்லை. நான் போய்க் கேட்ட ஆளுக்கும் தெரியேல்லை. கண்டுபிடிக்கப் பாப்பம்,” என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டுப் போய்த் தன் இடத்தில் இருந்தாள். முகத்தில் ஏமாற்றம் இருந்ததா என்று நான் பார்க்கவில்லை. பின்வரிசையில் அதற்குள் சண்டை தொடங்கிவிட்டது.