ஊருக்குக் கிட்டவாம்!

அறிவித்தல் பலகையில் என் பெயருக்கு நேரே, பயிற்சிக்குப் போகும் இடமாக ஊர்காவற்றுறை என்று கிடந்தது. முதல்நாள் வரைக்கும் அது யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஒரு திருத்தும் கடை. நான் தொழில்நுட்பக் கல்லூரியில் குளிர்சாதனப்பெட்டியும் ஏசியும் திருத்தப் படித்தேன். வகுப்பில் பெண்பிள்ளை நான் ஒருத்திதான். பயிற்சியை முடித்து, தொழில் தெரிந்த ஒருவரிடம் கையெழுத்து வாங்கினால்தான் அடுத்த மட்டத்துக்குப் பதியலாம். ஊர்காவற்றுறையில் எனக்குப் போட்டிருந்ததோ ஓர் அலுவலகம். அங்கே கோப்பு அடுக்கலாம், தேத்தண்ணி ஊற்றலாம். அந்தக் கையெழுத்தோடு போனால் பதிவு மேசையில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். என் படிப்பு அதோடு சரி.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பயிற்சிக்குப் பொறுப்பான சேரின் அறைக்குள் போய், அவர் சொல்ல முன்பே கதிரையை இழுத்து இருந்துவிட்டேன்.

"பிள்ளை, உம்மட ஊருக்குக் கிட்ட எண்டு பாத்துத்தானே போட்டனான்," என்றார். எனக்கு நல்லது செய்துவிட்ட முகம். அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

பட்டினத்து ஆட்களின் கணக்கு இது. பண்ணைப் பாலம் தாண்டினால் எல்லாமே தீவு, எல்லாத் தீவும் பக்கத்து வீடு. நான் நெடுந்தீவு. படகேறி வந்து குறிகட்டுவான் இறங்குதுறையில் பஸ் பிடிக்க வேண்டும். ஊர்காவற்றுறைக்குப் போவதென்றால் வேலணையில் இறங்கி இன்னொரு பஸ்ஸுக்கு வெயிலில் காய வேண்டும். இறங்காமல் இருந்தால் முதல் பஸ்ஸே நேராகப் பட்டினத்தில் கொண்டுபோய் விடும். அதிலும் கிழமை நாட்களில் நான் நின்றது பட்டினத்தில், சித்தி வீட்டில். மேசையில் விரலால் கடலும் சந்தியும் கீறிக் காட்டினேன்.

அதன் பிறகுதான் மனுசனிடமிருந்து உண்மை வந்தது.

"கடைக்காரர் முறைப்பாடு செய்யினம் பிள்ளை. சனி ஞாயிறு வீட்டை போற தீவுப் பிள்ளையள், கடல் பொல்லாதெண்டால் திங்கக்கிழமை பிந்தித்தான் வருகினம். அலுவலகமெண்டால் ஒருத்தரும் கேக்கமாட்டினம்."

அதற்குப் பிறகு என் வாய் என் சொல்லுக் கேட்கவில்லை.

"சேர், எங்கட பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்க வந்தது பட்டினத்து ஆக்கள். படகு வந்தால்தான் எங்களுக்கு முதல் பாடம். கடல் பொல்லாத நாளில மத்தியானம் வரைக்கும் வகுப்பு வாங்கில இருந்து பாத்துக்கொண்டிருந்தனாங்கள். உங்கட ஆக்கள் பிந்தினால் கடலின்ர பிழை. நாங்கள் பிந்தினால் எங்கட பிழையோ?"

"உமக்கு வாய் கூடிப்போச்சு."

"ஓம் சேர், கூடித்தான் போச்சு. என்ர இடத்தை மாத்தித் தாங்கோ."

"என்னால ஏலாது. முந்திப் போட்ட கடைக்காரர் ஓமெண்டால் அங்க போம். பிறகு அவர் வேண்டாமெண்டால் என்னட்டை வரப்படாது."

போனேன். கடைக்கார அண்ணையிடம் ஒன்றையும் ஒளிக்கவில்லை.

"சில திங்கக்கிழமை பிந்துவன் அண்ணை. பின்னேரம் நிண்டு வேலையை முடிச்சுத் தருவன்."

என்னை மேலும் கீழும் பார்த்தார். "பாரம் தூக்குவீரோ?"

"தூக்குவன்."

கடலைக் குழப்பும் சோளகக் காற்றுத் தொடங்கியது. ஒரு திங்கட்கிழமை படகு நேரம் சென்றுதான் வெளிக்கிட்டது. உப்புத்தண்ணீரில் நனைந்த சட்டையோடு நான் கடைக்குள் நுழைய மத்தியானம். அண்ணை மணிக்கூட்டைப் பார்த்தார், பிறகு வாய்க்கு வந்தபடி ஏசினார். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. ஏன் கேட்க வேண்டும்? காற்றை நானா ஊதிவிட்டேன்? ஒரு மீன்கடைக்காரரின் குளிர்பெட்டி சத்தம் சந்தடியின்றிக் கிடந்தது. அதைக் கழற்றி, வாயு கசிந்த இடத்தைக் கண்டுபிடித்து ஒட்டி, திரும்ப வாயு நிரப்பினேன். கடை பூட்டும் நேரம் அது குளிரத் தொடங்கியது. அதற்குப் பிறகும் சில திங்கட்கிழமைகள் பிந்தினேன். அண்ணையும் ஏசினார். ஆனால் போ என்று ஒருநாளும் சொல்லவில்லை.

பதிவு நாளன்று மேசையில் அதே சேர். அண்ணையின் கையெழுத்தை உற்றுப் பார்த்தார்.

"பிந்தினீரோ?"

"ஓம் சேர். கன தடவை."

"கடைக்காரர் ஒண்டும் சொல்லேல்லையோ?"

"ஏசினவர். நானும் விடேல்லை."

சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுத்த மட்டத்துக்கு என்னைப் பதிந்தார். நான் எழும்பும்போது பேனையை மூடாமலே கேட்டார்.

"இந்த முறையும் பயிற்சி இருக்கு. உம்மை எங்க போடுறது?"

"இதைப் போன முறையும் கேட்டிருக்கலாமே சேர்," என்றேன்.