இரண்டு விரல் கீழே, இடது பக்கம்

பெங்களூரில் நான் வேலை பார்க்கும் இடத்தில் காலையில் முதலில் உள்ளே போகிறவள் நான்தான். ஜன்னல் இல்லாத கூடம், ஒரு சுவர் முழுக்க வெள்ளைத் திரை. ராணுவப் பயிற்சி மையங்களுக்கு நாங்கள் செய்து கொடுக்கும் இயந்திரம் அங்கே நிற்கிறது. துப்பாக்கி நிஜம். குண்டுக்குப் பதில் லேசர். திரையில் மலை, புதர், ஓடுகிற ஆள். ஒருவர் திரையில் சுட்ட பதிவும், வெளியே மைதானத்தில் நிஜக் குண்டால் சுட்ட பதிவும் ஒரே தாளில் சேர வேண்டும் என்பதற்குத்தான் இத்தனை பேர் உட்கார்ந்து நிரல் எழுதுகிறோம்.

எழுதுவதற்கு முன்னால் நான் ஒன்று செய்வேன். தரையில் படுத்து, நடுப்புள்ளியைப் பார்த்து ஐந்து முறை சுடுவேன். திரை காட்டும் இடமும் நான் பார்த்த இடமும் ஒன்றுதானா என்று சரிபார்ப்பேன். "மேடம், பூஜை முடிஞ்சுதா, உள்ள வரலாமா?" என்று கூட வேலை செய்கிறவர்கள் வாசலில் நின்று கேட்பார்கள். நான் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவப் பெண் என்று தெரிந்துதான் கேட்பார்கள்.

அந்த ஐந்து முறையும் எனக்கு ஒருத்தி ஞாபகம் வருகிறாள். ஐந்து முறையும் என்பது மிகையில்லை.

எங்கள் வேலூர்ப் பக்கத்தில் பட்டாளத்துக்கு ஆள் போகாத தெரு இருக்காது. தொண்ணூறுகளில் நான் சின்னப் பெண். அம்மா நர்ஸ். அவள் காலை ஷிப்டு முடிந்து வரும் வரை நான் காட்பாடியில் அத்தை வீட்டில் இருப்பேன். ஸ்டேஷனுக்கு நடந்துபோகிற தூரம். லீவு முடிந்து திரும்புகிற சிப்பாய்கள் கறுப்பு டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்து வடக்கே போகும் வண்டிக்குக் காத்திருப்பார்கள். பெட்டியில் வெள்ளைப் பெயிண்டில் பெயர், எண், ஊர். எனக்கு அவர்கள் சண்டைமேல் ஆசையில்லை. அந்தப் பெட்டிமேல்தான். என் பெயரும் அப்படி வெள்ளையில் எழுதப்பட்டு, எங்கோ தெரியாத ஊருக்குப் போக வேண்டும். அந்த ஆசை கல்லூரி வரைக்கும் என் கூடவே வந்தது.

கல்லூரியில் சேர்ந்த முதல் வாரமே தேசிய மாணவர் படையில் பெயர் கொடுத்துவிட்டேன். அங்கேதான் அவளைப் பார்த்தேன். ஆம்பூருக்கு உள்ளே ஒரு கிராமம். அப்பாவும் அம்மாவும் ஷூ கம்பெனியில் வேலை. அப்பா தோல் வெட்டும் பிரிவு, அம்மா தையல் லைன். தினமும் பஸ்ஸில் ஒரு மணி நேரம் வருவாள். அவள் பையைத் திறந்தால் சாப்பாட்டு டப்பாவுக்கு முன்னால் ஷூ ஒட்டும் சொல்யூஷன் வாசனைதான் வரும்.

படையில் கொடுத்த பூட்ஸ் என் குதிகாலைப் பதினைந்து நிமிடத்தில் உரித்தது. அணிவகுப்பில் நான் நொண்டியதை அவள் பின்வரிசையிலிருந்து பார்த்திருக்கிறாள். இடைவேளையில் வந்து என் எதிரில் குந்தினாள்.

"கழட்டு."

"இன்னாத்துக்கு?"

"கழட்டுடி. உன் காலப் பாத்தா எங்கம்மா அழுதுடும்."

பூட்ஸை உள்ளே விரல் விட்டுத் தடவிப் பார்த்தாள், டாக்டர் மாதிரி. மறுநாள் பூட்ஸுக்குள் போட இரண்டு உள்தோல் கொண்டுவந்தாள். கம்பெனியில் மிச்சம் விழும் மெல்லிய ஆட்டுத்தோலை அவள் அம்மா என் கால் அளவுக்கு வெட்டி, ஓரத்தை மடித்துத் தைத்திருந்தார். என் காலை அந்த அம்மா பார்த்ததே இல்லை. மகள் தன் கையை விரித்துக் காட்டிய அளவு. அதற்கப்புறம் நான் நொண்டவில்லை.

அவளுக்கும் பட்டாளம்தான் கனவு. ஆனால் எனக்கு இருந்தது ஆசை, அவளுக்கு இருந்தது கெடு. மாநில முகாமுக்குத் தேர்வானால் மேலே போகலாம், அதிகாரித் தேர்வு எழுதலாம். இல்லையென்றால் டிகிரி முடிந்த மறுமாதம் அம்மா பக்கத்தில் தையல் லைனில் உட்கார வேண்டும். அவள் அப்பா கோபமாகச் சொன்னதில்லை. "முகாமுக்குக் கூப்டாங்கன்னா நான் எதுக்கு குறுக்க நிக்கப்போறேன்" என்றுதான் சொல்லியிருந்தார். எங்கள் கல்லூரியிலிருந்து முகாமுக்குப் போவது இரண்டு பெண்கள். அந்த இரண்டு நாங்கள்தான் என்று பஸ் ஸ்டாண்டில் நின்று, ஆற்காட்டு மக்கன் பேடாவைப் பாதியாகப் பிட்டுத் தின்றபடி முடிவு செய்துவிட்டோம். ரயிலில் யாருக்கு மேல் படுக்கை என்பது வரைக்கும் பேசிவிட்டோம்.

இரண்டாம் வருடம் இயந்திரம் வந்தது.

எங்கள் மாணவர் படையின் பட்டாலியன் அலுவலகத்தின் பின்னால் சாமான் போட்டு வைத்திருந்த அறையைக் காலி செய்து, ஜன்னல்களில் கறுப்புத் துணி அடித்தார்கள். அதை விற்ற கம்பெனியின் ஆள் சென்னையிலிருந்து வந்து, ஒரு பெஞ்சின்மேல் புரொஜெக்டரையும் கேமராவையும் வைத்து, எல்லாவற்றையும் நேர்படுத்தி, கம்ப்யூட்டருக்கு ஒரு பாஸ்வேர்டு போட்டுவிட்டுப் போய்விட்டார். அதிகாரி எங்களை வரிசையில் நிற்க வைத்துப் பேசினார். இனி திரையும் மைதானமும் ஒன்று. திரையில் எடுக்கும் மார்க்கும் மைதானத்தில் எடுக்கும் மார்க்கும் கூட்டித்தான் தேர்வு.

எங்களுக்குச் சுடக் கற்றுக்கொடுத்த ஹவில்தாரை உஸ்தாத் என்றுதான் கூப்பிடுவோம். நெமிலிக்காரர். அவருக்கு அந்த இயந்திரம் முதல் நாளே பிடிக்கவில்லை. "குண்டு இல்லாம சுட்றது. சத்தம் ஸ்பீக்கர்ல வருது. இனிமே மெஸ்ல சோத்தையும் திரையில காட்டிட்டுப் படுத்துக்கோன்னுவாங்க" என்றார்.

எனக்கோ அந்த அறை சொர்க்கமாக இருந்தது. இருட்டில் புரொஜெக்டர் விசிறியின் சூடு, புதுக் கம்பளத்தின் வாசனை, திரையில் ஒரு பச்சை மைதானம், சுட்ட மறுநொடியே எங்கே பட்டது என்று சிவப்புப் புள்ளி. மைதானத்தில் சுட்டால் நடந்துபோய் இலக்கு அட்டையைப் பார்க்க வேண்டும். இங்கே கேட்பதற்குள் பதில். என் புத்திக்கு ஏற்ற வேகம் அது.

ஒரு வாரம் கழித்து எல்லாருடைய மார்க்கும் திடீரென்று விழுந்தது. அதற்கு முந்தைய நாள் அறையைப் பெருக்குவதற்காகப் பெஞ்சை நகர்த்தித் திரும்பப் போட்டிருந்தார்கள். நான் அதைப் பார்த்திருந்தேன். நடுவில் குறிவைத்துச் சுட்டால் புள்ளி மேலே வலப்பக்கம் விழுந்தது. மூன்று முறை சுட்டேன், மூன்று முறையும் அதே விலகல். கேமரா சாய்ந்திருக்கிறது, சரிசெய்யப் பாஸ்வேர்டு வேண்டும், சென்னை ஆள் மறுபடி வர வேண்டும். உஸ்தாதிடம் சொல்ல ஒரு வரி போதும்.

நான் சொல்லவில்லை. கண்டுபிடித்துவிட்டேன் என்ற சந்தோஷத்தில், அதைப் பயன்படுத்திப் பார்த்தேன். இரண்டு விரல் அளவு கீழே, இரண்டு விரல் இடது பக்கம் குறி. சிவப்புப் புள்ளி நட்ட நடுவில் போய் உட்கார்ந்தது. அன்று நான்தான் முதல்.

அவள் கடைசிக்கு முந்தி. உண்மையில் எங்கள் எல்லாரையும்விட நன்றாகச் சுடுகிறவள் அவள். மூச்சை நிறுத்தினால் கல் மாதிரி கிடப்பாள். பஸ் ஸ்டாண்டுக்கு வந்ததும் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"எனுக்கு கண்ணு எதுனா ஆய்ட்ச்சா? உங்கம்மாகிட்ட சொல்லி ஆஸ்பத்திரியில காட்டலாமா?"

"கண்ணு நல்லாத்தான் இருக்கு. நாளையிலருந்து ரெண்டு விரல் கீழ, ரெண்டு விரல் லெப்ட்ல வை. நடுவுல வைக்காத."

"ஏன்?"

"அது ஒரு கணக்கு. உனக்கு எதுக்கு? வெச்சுப் பாரு."

"பெரிய கலெக்டரு. சொன்னா இன்னா கொறஞ்சா போய்டுவ?"

"முகாமுக்கு வேணுமா, காரணம் வேணுமா?"

சிரித்தாள். ஆம்பூர் பஸ் வந்தது, ஏறிக்கொண்டாள். அவளுக்குக் காரணத்தைச் சொல்ல எனக்கு ஒரு நிமிடம் ஆகியிருக்கும். பஸ் ஜன்னலிலிருந்து இரண்டு விரலைக் கீழே காட்டி, இடது பக்கம் காட்டி, கண்ணடித்தாள். அந்த முகம்தான் எனக்கு வேண்டும். இப்போதும்.

மூன்று வாரம் சுட்டோம். நான் முதல், அவள் இரண்டாவது, சில நாள் அவள் முதல். எனக்கு அந்த இரண்டு விரல் ஒரு கூட்டல் கழித்தல். ஒவ்வொரு முறையும் போட்டுக்கொள்வேன், முடிந்ததும் எடுத்துவிடுவேன். அவளுக்கு அது அப்படி இல்லை. நான் சொன்னதை அவள் தோளில் வாங்கிக்கொண்டாள், கன்னத்தில் வாங்கிக்கொண்டாள். அதிகாரி சொன்னதையும் நம்பினாள்: திரையும் மைதானமும் ஒன்று.

மைதானத் தேர்வு ஒரு காலையில், மொட்டைப் பாறை மலை அடிவாரத்தில். சிவப்புக் கொடி கட்டி, ஆடு மேய்க்கிறவர்களைத் தள்ளிப் போகச் சொல்லியிருந்தார்கள். அவள் முதல் வரிசை, நான் இரண்டாவது. என் கவனமெல்லாம் என் மூச்சின்மேல் இருந்தது. முதல் வரிசை படுத்து, துப்பாக்கியைத் தோளில் ஏந்திய பிறகுதான் எனக்கு உறைத்தது. இங்கே நடுவில்தான் குறிவைக்க வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. நான் சொல்லவில்லை. சுடும் கோட்டில் பேசக் கூடாது என்பது விதி. விதியை மீறிக் கத்தியிருக்கலாம். முதல் சத்தம் கேட்டுவிட்டது.

அட்டைகளைப் பார்க்க உஸ்தாத் போனார், கூடவே என்னையும் கூட்டிப்போனார். அவளுடைய அட்டைமுன் நின்றார். வட்டங்களுக்கு வெளியே, கீழே இடது மூலையில் ஐந்து ஓட்டைகள். ஐந்தையும் ஒரு ரூபாய் நாணயத்தால் மூடிவிடலாம்.

"அடேயப்பா" என்றார் மெதுவாக. "என் சர்வீஸ்ல இவ்ளோ நெருக்கமா ஒரு குரூப்பு நாலு பேருதான் போட்டிருப்பான். தப்பு பொண்ணு மேல இல்ல. ரைபிள்ல குறி நவுந்துருக்கு."

திரும்பி வந்து, அவளுடைய துப்பாக்கியை என்னிடம் கொடுத்து ஐந்து குண்டு சுடச் சொன்னார். நான் படுத்தேன். நடுவில் குறிவைத்தேன். என் ஓட்டைகள் சிதறித்தான் இருந்தன, ஆனால் எல்லாம் நடுவைச் சுற்றி. துப்பாக்கி சரியாக இருந்தது. அதை நிரூபித்தவள் நான்.

உஸ்தாத் அவளிடம் வந்தார்.

"பயப்படாத. நெஜத்தச் சொல்லு. எங்க எய்ம் பண்ண?"

அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில்தான் அவளுக்குக் காரணம் தெரிந்தது. நான் சொல்லாமல் வைத்திருந்த ஒரு நிமிடக் கணக்கை அவளே போட்டு முடித்துவிட்டாள். கீழே இடது பக்கம் வைத்தேன் என்று சொன்னால், ஏன் என்று கேட்பார்கள். திரை மார்க்கு எல்லாம் செல்லாமல் போகும். முதலில் போவது என் மார்க்கு.

"நடுவுலதான் சார்."

"நடுவுலயா?"

"நடுவுலதான்."

உஸ்தாத் என் பக்கம் திரும்பினார். எதையோ மோப்பம் பிடித்த மனுஷன். "உனுக்கு எதுனா தெரியுமாம்மா?"

தெரியும் என்பது நான்கு எழுத்து. "இல்ல சார்" என்றேன்.

முகாமுக்கு என்னோடு வேறொரு பெண் வந்தாள். ரயிலில் மேல் படுக்கை எனக்குக் கிடைத்தது. பூட்ஸுக்குள் அந்த ஆட்டுத்தோல் இருந்தது. பத்து நாளும் அதன்மேல்தான் நின்றேன். அப்புறம் நான் அதிகாரித் தேர்வு எழுதினேன், ஐந்து நாள் நேர்முகத்தில் இரண்டாம் நாளே அனுப்பிவிட்டார்கள். வெள்ளைப் பெயிண்டில் பெயர் எழுதிய பெட்டி எனக்கு வாய்க்கவில்லை. திரைதான் வாய்த்தது.

எங்கள் இயந்திரத்தில் நான் ஒரு விதி எழுதியிருக்கிறேன். அன்றைக்குக் கேமராவைச் சரிபார்க்காமல் யார் சுட்டாலும் மார்க்கு பதிவாகாது. தொல்லை என்று பயிற்சி மையங்களிலிருந்து புகார் வருகிறது. எடுக்கச் சொல்லி மேலதிகாரி இரண்டு முறை சொன்னார். எடுக்கவில்லை.

போன வருடம் ஒரு சனிக்கிழமை ஆம்பூருக்குப் போனேன். ஷிப்டு விடும் நேரம் கம்பெனி கேட்டில் நின்றேன். நீலக் கோட்டுப் போட்ட பெண்கள் நூறு பேருக்கு நடுவில் அவள் முதுகை நேராக வைத்து நடந்து வந்தாள். லைன் சூப்பர்வைசர் ஆகியிருந்தாள். என்னைப் பார்த்து நின்றாள். முதலில் என் காலைத்தான் பார்த்தாள்.

"இன்னாடி செருப்பு இது. ஆறு மாசம் தாங்காது."

டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்தோம். நான் என் வேலையைப் பற்றிச் சொன்னேன்.

"இன்னும் அந்தத் திரைய வுடலியா நீ? எங்க கம்பெனிலயும் ஒரு மெஷினு வெச்சுகிறாங்க. ஷூவ மாட்டி வுட்டா அதுவே மடக்கி மடக்கி நடக்குது, ஆள் இல்லாம. அது பாஸ் பண்ணாலும் எங்கப்பா ஒரு ஜோடிய எடுத்துக் கால்ல மாட்டி நடந்து பாத்துட்டுத்தான் வுடுவாரு."

டீ ஆறிக்கொண்டிருந்தது. "அன்னிக்கு நான் சொல்லியிருக்கணும்" என்றேன்.

"சொல்லியிருந்தா ரெண்டு பேருமே வூட்ல ஒக்காந்திருப்போம்." டம்ளரைச் சுற்றினாள். "அது எனுக்கு ஆறிப்போச்சு. ஏன்னு கேட்டேன் பாரு, பஸ் ஸ்டாண்டுல. அப்ப உனுக்கு எதுக்குன்ன. அதுதான் ஆறல."

ஆறின டீயை ஒரே மடக்கில் குடித்தேன்.

"அந்த அட்ட எங்க?" என்றாள்.

தேர்வன்று மைதானத்தில் அட்டைகளைக் கழற்றச் சொன்னார்கள். அவளுடையதை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டவள் நான். எடுத்ததை அவள் பார்த்திருந்தாள் என்பது எனக்கு இத்தனை வருடம் தெரியாது.

"பெங்களூர்ல இருக்கு."

"எடுத்தாந்து குடு. எங்கப்பாகிட்ட காட்டணும். எங்க பட்டுதுன்னு அவரு பாக்க மாட்டாரு. எவ்ளோ நெருக்கமா இருக்குன்னுதான் பாப்பாரு. அவுரு கை அப்பிடி."

வீட்டுக்கு வரச் சொன்னாள். அடுத்த தடவை என்றேன். அவளுக்கு பஸ் வந்தது. ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. கையை வெளியே நீட்டுவாள் என்று நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அட்டை என் மேஜை டிராயரில் இருக்கிறது. உறை வாங்கி, முகவரிகூட எழுதிவிட்டேன். தபாலில் போட்டால் மூன்றாம் நாள் போய்ச் சேரும், அவள் அப்பா பார்த்துவிடுவார். ஆனால் ஆம்பூருக்குப் போக எனக்கு இருக்கும் காரணம் அது ஒன்றுதான். இந்தச் சனிக்கிழமை நானே கொண்டுபோகிறேன் என்று ஒவ்வொரு திங்களும் நினைக்கிறேன். காலையில் கூடத்துக்குள் போய்ப் படுத்து, நடுப்புள்ளியைப் பார்க்கிறேன். தோள் ஒரு நொடி கீழே, இடது பக்கம் போகப் பார்க்கிறது.