படத்துக்குப் பக்கத்தில் ஒரு செயின் கவர்

எனக்கு எண்பத்திரண்டு வயது. பெற்றது மூன்று, வளர்த்தது ஐந்து. ஐவரும் அவரவர் குடும்பம், தொழில் என்று நன்றாக இருக்கிறார்கள். என் வீட்டு முன்னறைச் சுவரில் சந்தன மாலை போட்ட படம் ஒன்று மாட்டியிருக்கிறது. படத்தில் இருப்பவர் என் மச்சாண்டார், அதாவது வீட்டுக்காரருடைய அண்ணன். அந்தப் படத்துக்கு ஒட்டினாற்போல இன்னொரு ஆணியில் துருப்பிடித்த சைக்கிள் செயின் கவர் ஒன்று தொங்குகிறது. படத்தை மாட்டியது அவருடைய மகன். கவரை மாட்டியது நான்.

வருகிறவர்கள் எல்லாரும் படத்தைக் கும்பிட்டுவிட்டு, இதென்னங்க இது என்று கவரைக் காட்டிக் கேட்பார்கள். சும்மா இருக்கட்டும் என்று இத்தனை காலம் சொல்லி வந்தேன். போன வாரம் மச்சாண்டார் மகன் வந்தான். எக்ஸ்போர்ட் கம்பெனி வைத்திருப்பவன், மரியாதை தெரிந்த பிள்ளை. அப்பா நினைவாக ஒரு மலர் போடுகிறானாம். அச்சுக்குப் போக இருந்த தாளில் ஒரு பக்கத்தைப் படித்துக் காட்டினான். ‘பெண்கள் வாசலைத் தாண்டாத காலத்திலேயே தம் வீட்டுப் பெண்ணைச் சைக்கிளில் ஏற்றி அழகு பார்த்தவர்’ என்று இருந்தது. “அந்தப் பொண்ணு நீங்கதானுங்க சின்னம்மா. இதைய நீங்க கொஞ்சம் விரிவாச் சொல்லோணும்” என்றான். சொல்கிறேன் சாமி என்றேன். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். கையெழுத்துப் போடுவேன், பஸ்ஸில் ஊர்ப் பெயர் படிப்பேன். அதனால் நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. தம்பி பெண்டாட்டி மச்சாண்டாருக்கு முன்னால் நிற்கக் கூடாது, முகம் பார்த்துப் பேசக் கூடாது. அவரும் அவளிடம் நேராகப் பேச மாட்டார். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் சுவரிடமோ தூணிடமோ சொல்வார், அவள் கேட்டுக்கொள்ள வேண்டும். மற்ற வீடுகளில் இது மெல்ல மெல்லக் கழன்றுகொண்டிருந்தது. எங்கள் வீட்டில் மச்சாண்டார் அதை இறுக்கிப் பிடித்திருந்தார். மாமனார் போன பிறகு வீட்டுக்குப் பெரியவர் அவர்தான். என் வீட்டுக்காரரைவிட மிகவும் மூத்தவர். அவருடைய மூத்த மகளுக்கும் எனக்கும் நாலைந்து வயதுதான் இடைவெளி.

நானும் வீட்டுக்காரரும் ஒரே பனியன் கம்பெனியில் வேலை செய்தோம். அவர் டைலர், நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து துணி மடித்துக் கொடுக்கும் கைமடி. வாரம் முழுவதும் மடக்கிய கால் மடக்கியபடியே இருக்கும். ஆஸ்பத்திரி நர்சம்மா ஒருவர் மாற்றலாகிப் போகும்போது தம் லேடீஸ் சைக்கிளை விற்றுவிட்டுப் போனார். அதை வீட்டுக்காரர் எனக்கென்று வாங்கி வந்தார். செயினை முழுக்க மூடிய கவர், பின் சக்கரத்துக்குச் சேலை போகாமல் வலை, வெள்ளி போல மின்னும் மணி. கம்பெனி வளாகத்திலேயே எனக்கு ஓட்டப் பழக்கியவர் என் வீட்டுக்காரர். இதை முதலில் எழுதிக்கொள் என்று பேத்தியிடம் சொல்லியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் இரண்டு பேரும் கிளம்பிவிடுவோம். எங்கும் போக வேண்டிய வேலை கிடையாது, சும்மா ஓட்டுவதற்காகவே ஓட்டுவது. நொய்யல் பாலத்தில் ஏறி இறங்கி, ரயில்வே கேட்டில் காத்திருந்து, அவிநாசி ரோட்டுப் புளியமர நிழலுக்குள் நுழைந்தால் காற்று முகத்தில் வந்து அறையும். அப்போதுதான் என் கால் எனக்கே சொந்தம் என்று தோன்றும். ஒருமுறை சேவூர் வரைக்கும் போய், அங்கே கம்பங்கூழ் குடித்துவிட்டுத் திரும்பினோம். விழாமலும் இல்லை. சாயப்பட்டறைச் சந்தில் தேங்கிய தண்ணீரில் சக்கரம் இறங்கி, பச்சைச் சேலையின் கரை நீலமாகிப்போனது. பனியன் மூட்டை ஏற்றிய கைவண்டி ஒன்று எதிரே வர, பிரேக் பிடிக்கத் தோன்றாமல் மணியையே அடித்துக்கொண்டு போய் அதில் மோதினேன். மூட்டைமேல் விழுந்ததால் அடி இல்லை. வண்டிக்காரர் என்னைப் பார்த்து, “மெத்தை போதுமாங்கம்மா, தலகாணியும் வேணுங்களா?” என்று கேட்டார். வீடு வரும் வரை சிரித்துக்கொண்டே வந்தோம்.

மச்சாண்டாருக்கு இது பொறுக்கவில்லை. ஒரு நாள் நான் சமையலறையில் இருக்கும்போது தூணைப் பார்த்து, “ஊட்டுப் பொம்பளை ரோட்டுல சைக்கிள் உட்டா, ஆம்பளை ஊட்டுல சோறாக்கறதா?” என்றார். வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த மாமியார், “ஆக்கு சாமி, யாரு வேண்டான்னா. அவ ஆக்கறதும் ஒண்ணும் வாயில வெக்கற மாதர இல்லை” என்று சொல்லிவிட்டார். மாமியாருக்கு நான் சைக்கிளில் போய்க் கடை வீதியிலிருந்து நல்ல வெற்றிலை வாங்கி வருவது தேவைப்பட்டது. தம்பியும் இந்த ஒரு விஷயத்தில் அண்ணன் பேச்சைக் கேட்கவில்லை. அதனால் மச்சாண்டார் வாயை மூடிக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு காலையில் பார்த்தால் சைக்கிளில் செயின் கவரைக் காணோம். கழன்று எங்காவது விழுந்திருக்கும், வேறு வாங்கிக்கொள்ளலாம் என்றார் வீட்டுக்காரர். ஒரு ஞாயிற்றுக்கிழமையை விட எனக்கு மனசில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினேன். தலைத் தீபாவளிக்கு எங்கள் அம்மாவைப் பெற்ற அப்புச்சி எடுத்துக் கொடுத்த சேலை அது. எங்கள் தெருமுனைக் கடை வீதியில், டீக்கடைக்கு நேராக வரும்போது செருகல் அவிழ்ந்து செயினுக்குள் இழுத்துக்கொண்டது. நடு ரோட்டில் விழுந்தேன். எழவும் முடியவில்லை, சேலை என்னைச் சைக்கிளோடு சேர்த்துக் கட்டிப் போட்டிருந்தது. முன்னால் போய்விட்ட வீட்டுக்காரர் திரும்பி வருவதற்குள் பூக்கடை அக்கா ஓடிவந்து, நார் அறுக்கிற கத்தியால் என் சேலையை அறுத்து என்னை எடுத்தாள். டீக்கடை பெஞ்சில் மச்சாண்டார் பேப்பர் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கவில்லை. டீ ஆற்றுகிறவரைப் பார்த்து, “சைக்கிளுக்குக் கூட ரோசம் இருக்குதுங்க, பாருங்க” என்றார். கடை முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்பு எனக்கு இன்றைக்கும் காதில் இருக்கிறது.

கொஞ்ச காலம் நான் சைக்கிளைத் தொடவில்லை. பொங்கலுக்கு வீடு வெள்ளையடிக்க அட்டாலியில் இருந்த பாத்திரங்களை இறக்கினேன். பெரிய அண்டாவுக்குப் பின்னால் செயின் கவர் இருந்தது. மச்சாண்டாருடைய பழைய துண்டில் சுற்றி, திருகாணிகளை அதன் முனையிலேயே முடிந்து வைத்திருந்தார். எதையும் வீணாக்காத மனிதர். நான் அதை யாரிடமும் காட்டவில்லை. காட்டியிருந்தால் விளையாட்டுக்குச் செய்தேன் என்று ஒரு சிரிப்புச் சிரித்து முடித்திருப்பார். அவ்வளவு சுலபமாக முடிய விட எனக்கு விருப்பமில்லை. துண்டைச் சுற்றி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு இறங்கினேன். கம்பெனியில் வெட்டித் தள்ளிய பனியன் துணியில் நீளமாக ஒரு துண்டு எடுத்து, சேலையைக் கணுக்காலோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு மறுபடியும் ஓட்ட ஆரம்பித்தேன். கவர் இல்லாமலே ஓட்டினேன். டீக்கடைக்கு முன்னால் மணி அடிக்காமல் ஒரு நாளும் போனதில்லை.

மச்சாண்டார் மகளுக்கு வெள்ளகோவிலில் இடம் அமைந்தது. மாப்பிள்ளை வீட்டார் உறுதி செய்ய வருகிற நாள். பஸ் வரும்போது பெண்ணின் தகப்பன் பஸ் ஸ்டாண்டில் நின்று வரவேற்க வேண்டும். இல்லையென்றால் மரியாதை இல்லாத இடம் என்று அப்படியே திரும்பிவிடுவார்கள். வீட்டுக்காரர் விருந்துக்குக் காய்கறி வாங்கப் போயிருந்தார். மச்சாண்டாருடைய சைக்கிள் பஞ்சராகிக் கிடந்தது. வாசலில் இருந்தது என் சைக்கிள்தான். பட்டுக்கரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு அதில் ஏறினார். செயினுக்குக் கவர் இல்லை என்பது அவசரத்தில் அவருக்கு மறந்துபோனது. என் கையில் அந்தப் பனியன் துணி இருந்தது. சொல்லியிருக்கலாம். ஆனால் மச்சாண்டாரிடம் பேசக் கூடாதே.

தெருக்கோடியில் எதிரே முருகன் கோயில் தர்மகர்த்தா நடந்து வந்தார். பெரியவரைக் கண்டால் மடித்த வேட்டியை அவிழ்த்து விடுவதுதான் மரியாதை. நின்று இறங்கிச் செய்கிற மரியாதையை மச்சாண்டார் ஓடுகிற சைக்கிளில் இருந்தே செய்தார். இறங்கிய வேட்டி நேராகச் செயினுக்குள் போனது. சத்தம் கேட்டு நான் வந்து பார்க்கும்போது, கால் பிசகிக் கீழே கிடந்தார். தர்மகர்த்தா குனிந்து, “எனக்காக எதுக்குங்க இத்தனை சிரமம்?” என்று வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார். நான் வேட்டியை இழுத்து எடுத்தேன், பாதி வந்தது. குதிரை வண்டி எல்லாம் ரயிலுக்குப் போயிருந்தன. பஸ் வரும் நேரம் ஆகிவிட்டது. தர்மகர்த்தாதான் சொன்னார். “இந்தப் புள்ள நல்லா ஓட்டுதுங்களே. பின்னால உக்காந்து போங்க. சம்பந்தம் பெருசா, கூச்சம் பெருசா?” அவர் பேச்சை மச்சாண்டாரால் தட்ட முடியவில்லை.

காரியரில் உட்கார்ந்தார். என்னைத் தொடக் கூடாது, அதனால் காரியரின் அடிக்கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பஸ் ஸ்டாண்டுக்கு ஆள் நடமாட்டம் இல்லாத சந்து ஒன்று உண்டு. நான் கடை வீதிக்குத் திருப்பினேன். பின்னாலிருந்து குரல் வந்தது. ஒரு விளக்குக் கம்பத்தைப் பார்த்து, “சந்து வழியாப் போனா வெரசாப் போயிரலாம்” என்றார். கம்பம் பதில் சொல்லவில்லை. அடுத்து ஒரு எருமையிடம் சொன்னார். அதுவும் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு எப்படிக் கேட்கும்? என்னிடம் அவர் பேசவே இல்லையே. டீக்கடைக்கு நேராக வேகத்தைக் குறைத்து, மணியை நிறுத்தாமல் அடித்தேன். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் எழுந்து நின்று பார்த்தார்கள். பூக்கடை அக்கா கையில் கத்தியோடு வெளியே வந்து, “ஏனுங்க, வேட்டியை அறுக்கோணுங்களா? சைக்கிளுக்கு இன்னும் ரோசம் போகலையாட்ட இருக்குதுங்க” என்றாள். அன்றைக்கும் கடை முழுக்கச் சிரித்தது.

பஸ்ஸும் நாங்களும் ஒன்றாகத்தான் போய்ச் சேர்ந்தோம். இறங்கிய மாப்பிள்ளையின் அம்மா, காரியரில் இருந்து இறங்கும் சம்பந்தியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முகம் மலர்ந்து, “உங்க ஊட்டுப் பொண்ணுக சைக்கிளெல்லாம் ஓட்டுவாங்களா? எம் பையனும் தைரியமான புள்ளையாத்தான் கேட்டானுங்க” என்றார். மச்சாண்டார் கிழிந்த வேட்டியை ஒரு கையால் மறைத்துக்கொண்டு, கண் இமைக்காமல், “ஆமாங்க. நான்தானுங்க பழக்கி உட்டேன்” என்றார்.

ஒரு சொல்லில் எல்லாவற்றையும் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டார். நான் வாய் திறந்திருந்தால் அந்தச் சம்பந்தம் அங்கேயே முறிந்திருக்கும். அந்தப் பெண் எனக்குத் தோழி மாதிரி. அவளுக்காக வாயை மூடிக்கொண்டேன். அவருக்காக அல்ல. இதையும் மலரில் போட வேண்டும்.

விருந்து முடிந்த மறுநாள் அட்டாலியில் ஏறிக் கவரை எடுத்தேன். சைக்கிளில் மாட்டவில்லை. மச்சாண்டார் சாப்பிட உட்காரும் இடத்துக்கு நேர் எதிரே சுவரில் ஆணி அடித்து மாட்டினேன். இது எங்கிருந்து வந்தது என்று அவர் கேட்க முடியாது. கேட்டால், எங்கே இருந்தது என்பது அவருக்குத் தெரியும் என்றாகிவிடும். சோற்றைப் பிசைந்தபடி அதையே பார்ப்பார். ஒரு நாள் திரும்பி உட்கார்ந்தார். நான் ஆணியை மாற்றினேன். பாகம் பிரிந்து தனி வீடு வரும் வரைக்கும் அவர் தின்ற ஒவ்வொரு கவளத்துக்கும் அது எதிரே இருந்தது. வரும்போது மறக்காமல் கொண்டுவந்தேன்.

அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், என் வீட்டுக்காரரும் இல்லை. அந்த டீக்கடை இருந்த இடத்தில் மாடிக் கட்டிடம் வந்துவிட்டது. காலையில் ஸ்கூட்டியில் கம்பெனிக்குப் போகிற பெண்களை ஜன்னலில் இருந்து பார்க்கிறேன். எவளும் எந்தத் தூணின் பேச்சையும் கேட்டுக்கொண்டு நிற்பதில்லை. ஆனால் அந்தப் பொய் மட்டும் ஆளைவிட அதிக ஆயுசோடு இருந்து, இப்போது அச்சுக்குப் போகப் பார்க்கிறது. போனவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லுங்கள் என்கிறார்கள். சோற்றுப் பாட்டுக்குக் குறை வைக்காதவர், மகளை நல்ல இடத்தில் கொடுத்தவர். அவ்வளவுதான் என்னிடம் இருக்கிறது. எனக்குச் சைக்கிள் பழக்கியவர் என் வீட்டுக்காரர், கவரைக் கழற்றியவர் என் மச்சாண்டார். ஃபேன் போட்டால் கவரின் துரு உதிர்ந்து அந்தச் சந்தன மாலைமேல் படிகிறது. நான் துடைப்பதில்லை.

எழுதிவிட்டாயா கண்ணு? எங்கே, முதலில் இருந்து ஒரு தரம் படி. என்னைப் பார்த்துப் படிக்க வேண்டாம். அந்தப் படத்துக்கு நேராகப் போய் நின்று, சத்தமாகப் படி. நான் அவரிடம் நேரில் பேசக் கூடாது.