கண்வலிப் பூவும் ஜன்னல் சீட்டும்

வில்லியனூர் ஸ்டேஷனிலிருந்து விழுப்புரம் பக்கம் ரயில் கிளம்பினால், கொஞ்ச தூரத்தில் ஒரு பழைய தோட்டம் வரும். பிரெஞ்சுக்காரர் காலத்தில் யாரோ ஒரு துரை போட்டது. ஊரில் துரைத் தோட்டம் என்றுதான் பெயர். தூங்குமூஞ்சி மரங்கள், இடிந்த செங்கல் தூண்கள், தண்ணீர் இல்லாத ஒரு வட்டத் தொட்டி. தண்டவாளத்தை ஒட்டிய பக்கத்தில் மதில் கிடையாது. காரைமுள்ளும் கள்ளியும் பின்னிய வேலிதான். மழைக்காலத்தில் அந்த வேலி முழுக்கக் கண்வலிப் பூ ஏறிச் சிவந்து கிடக்கும். செங்காந்தள் என்று படித்தவர்கள் சொல்வது அதைத்தான். உற்றுப் பார்த்தால் கண் நோகும் என்று எங்கள் பக்கம் பிள்ளைகளை மிரட்டுவார்கள்.

என் மனைவி அந்த மிரட்டலுக்கு அடங்காதவள். தாய்வீடு வளவனூர். கல்யாணமான புதிதில் ரயிலில் போகும்போது அவளே ஒரு பந்தயம் கட்டினாள். முதல் பூவை யார் பார்க்கிறார்களோ, திரும்பும்போது அவர்களுக்கு ஜன்னல் சீட்டு. போகும்போது ஜன்னல் எப்போதும் அவளுக்குத்தான் என்பதால் நான் ஒருமுறைகூட ஜெயித்ததில்லை.

"கண்ணு வலிக்கப் போவுதுடி" என்பேன்.

"வலிச்சா எனுக்குத்தான வலிக்கும்? ஒங்களுக்கு இன்னா, வயிறுதான எரியுது" என்பாள்.

நான் சரித்திர ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். காலையில் துரைத் தோட்டத்தில் நடப்பவர்கள் சேர்ந்து ஒரு குழு வைத்து என்னைத் தலைவராக்கினார்கள். ஒருநாள் நடைபாதையில் விரியன் பாம்பு கிடந்தது. வேலியை எடுத்துவிட வேண்டும் என்றார்கள். "அதுல இருக்கறது பூரா வெஷக் கெழங்கு சார். புள்ளைங்க வர்ற எடம்" என்றார் ஒருவர். அந்த வேலிக்குத் தோட்டத்தின் வயது என்று எனக்குத் தெரியும். கொடிகளைக் காப்பாற்ற வழி கேட்டிருக்கலாம். தலைவர் என்று கூப்பிட்டவர்களிடம் மறுத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை. சரி என்றேன். ஆடி மாதம், கொடிகள் தளிர்விட்டிருந்தபோது பொக்லைன் வந்தது. ஒரே காலையில் கிழங்கோடு எல்லாம் போயிற்று. அந்த இடத்தில் மதில் எழுப்பி வெள்ளையடித்தோம். எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். மூட்டுவலியால் வெளியே வராத என் மனைவியிடம் தோட்டத்தைச் சுத்தம் செய்தோம் என்று மட்டும் சொன்னேன். அவள் அந்தச் சால்வையை மடித்துப் பீரோவில் வைத்தாள்.

அந்த மழைக்காலத்தில்தான் அவள் பார்வை மங்கியது. கண்ணில் நீரழுத்தம் என்றார் டாக்டர். போன பார்வை வராது, சொட்டு மருந்தை விடாமல் போட்டால் இருப்பது நிற்கும் என்றார். மருந்து எரிந்தது. அவளுக்கு அதில் நம்பிக்கையில்லை.

"கார்த்தி மாசம் தம்பி வூட்டுல விசேஷம் வருதில்ல, அது வரைக்கும் வுட்டுக்கறேன். போவும்போது பூவு தெரிஞ்சா மருந்து. தெரியலன்னா என்னை வுட்டுடணும், சொல்லிட்டேன்" என்றாள்.

வேலி போனதை அன்றே சொல்லியிருக்க வேண்டும். ரயிலேறும் வரை நாளைக்குச் சொல்லலாம் என்றே இருந்தேன்.

ரயிலில் அவளை ஜன்னலோரம் உட்கார வைத்தேன். எதிரில் கொய்யாக் கூடையோடு ஒரு பெண். தோட்டம் வந்ததும் என் மனைவி கம்பியில் நெற்றியை அழுத்திக்கொண்டாள்.

"மரம் தெரியுதுங்க. பூவு எங்க? ஒரு செவப்பும் காணோமே."

"இன்னா ஆயா தேடுற? அங்க வெறும்..." என்று அந்தப் பெண் ஆரம்பித்தாள்.

"இருக்குது இருக்குது. நாலஞ்சு பூத்திருக்குது" என்றேன். என் குரல் எனக்கே உரக்கக் கேட்டது. அந்தப் பெண் என்னை ஒருமாதிரி பார்த்துவிட்டுக் கூடையை நகர்த்தி வைத்துக்கொண்டாள்.

தோட்டம் கடந்துபோயிற்று. என் மனைவி கம்பியிலிருந்து நெற்றியை எடுத்தாள்.

"இத்தினி வருசம் கழிச்சி நீங்க ஜெயிச்சிட்டீங்க. வரும்போது ஜன்னலு ஒங்களுக்குத்தான்" என்றாள்.

திரும்பும்போது வற்புறுத்தி என்னை ஜன்னலோரம் உட்கார வைத்தாள். மறுநாள் மருந்துப் புட்டியோடு போனேன்.

"பட்ட மரத்துக்குத் தண்ணி இன்னாத்துக்கு? பேச்சு பேச்சா இருக்கணும்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கெஞ்சினேன், கோபித்தேன். உண்மையை மட்டும் சொல்லவில்லை. அந்தப் பூவை வெறித்து வெறித்துப் பார்த்ததால் வந்த வினை என்று அக்கம்பக்கத்தார் பேசினார்கள். அதையும் கேட்டுக்கொண்டு இருந்தேன்.

இப்போது அவளுக்கு விளக்கு எரிவதும் அணைவதும் தெரியாது. போன வாரம், சாப்பாட்டைப் பிசைந்து கையில் கொடுக்கும்போது சொல்லிவிட்டேன். வேலி, பொக்லைன், ரயிலில் சொன்ன பொய், எல்லாம். அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். சோற்று உருண்டை அவள் கையிலேயே இருந்தது.

"மதிலுக்கு இன்னா கலரு அடிச்சீங்க?"

"வெள்ளை."

"அப்ப அது மதிலுதானா" என்றாள். "நீட்டுக்கும் வெள்ளையா தெரிஞ்சிதுங்க. நல்லா தெரிஞ்சிது. கண்ணுல பொரை வுழுந்துதான் அப்படி தெரியுதுன்னு நெனச்சிக்கினேன்."

பிறகு உருண்டையைத் தட்டில் வைத்துவிட்டு, கை கழுவத் தண்ணீர் கேட்டாள்.